ஆங்கிலத் தொடர்களுக்குப் போலிஷ் ஈடு தரும் கையேடு: இரண்டு பத்திகள் போதுமா?

கேள்வி – ஓடர்க்கரை

வணக்கம். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து, புதிதாக வந்து சேரும் பணியாளர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அன்றாடம் தேவைப்படும் ஆங்கிலச் சொற்களும் தொடர்களும் ஒரு பத்தியிலும், அவற்றுக்கு ஈடான போலிஷ் வடிவங்கள் அடுத்த பத்தியிலும் இருக்க வேண்டும் என்பது திட்டம். கடை, மருந்தகம், டிராம், வாடகை வீடு, அலுவலக மின்னஞ்சல் ஆகிய இடங்களில் பேசவும் எழுதவும் வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு முதல் வரைவை ஆயத்தம் செய்தோம். அதைப் படித்துப் பார்த்த போலந்துக்காரப் பணித்தோழர், பாதிக்கு மேற்பட்ட வரிகளின் எதிரே ‘யார் யாரிடம் சொல்வது?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் கேட்பதன் நியாயம் புரிகிறது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒன்று இருக்கும் இடத்தில் போலிஷில் ‘தி’, ‘பான்’, ‘பானி’, ‘பாய்ன்ஸ்த்வோ’ என்று பல நிற்கின்றன; ‘ப்ரோஷெ’ என்ற ஒரே சொல்லோ என் பட்டியலில் ஐந்தாறு ஆங்கிலத் தொடர்களுக்கு எதிரே திரும்பத் திரும்ப வருகிறது. இப்படிப்பட்ட மொழிக்கு இரண்டு பத்திக் கையேடு பொருந்துமா, பொருந்தாது என்றால் அதை எப்படி மாற்றி அமைக்கலாம் என்பதே என் முதன்மையான கேள்வி. எங்கள் செயலியின் திரைச் செய்திகளையும் இதே கையோடு போலிஷாக்க வேண்டியிருப்பதால், அத்துறையில் பழகியவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும். மரபுத்தொடர்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை.

மறுமொழி – வூச்வாசி

நண்பருக்கு வணக்கம். வூச் நகரில் இருந்துகொண்டு ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். உங்கள் பணித்தோழர் எழுதிய கேள்வியையே கையேட்டின் அமைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வாசகர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் தமிழிலிருந்தே போலிஷுக்குப் போவது பல இடங்களில் எளிது.

குளிர்காலத்தில் எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஆம் கோல்டு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், நான் உணர்ச்சியற்ற ஆள் என்றோ என் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது என்றோ பொருள் வந்துவிடும். போலிஷில் ‘ஜிம்னோ மி’ என்பார்கள்; அதாவது ‘எனக்குக் குளிராக இருக்கிறது’. குளிர் எழுவாயாகாமலும் நான் எழுவாயாகாமலும், நான்காம் வேற்றுமையில் ‘எனக்கு’ என்று நிற்கும் அமைப்பு தமிழருக்குப் பிறவியிலேயே தெரிந்தது. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்கான ‘பொதோபா மி ஷெ’ என்பதும் இதே வார்ப்புதான். ஆங்கிலத்தின் வழியே வருபவர் ‘நான்’ என்று தொடங்கி இடறுவார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ என்னும் சுட்டுச்சொற்கள். போலிஷில் அவை இல்லை; சொற்கள் நிற்கும் வரிசையே அந்த வேலையைப் பார்க்கிறது. ‘க்ஷொன்ஷ்கா யெஸ்ட் நா ஸ்டோலெ’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. ‘நா ஸ்டோலெ யெஸ்ட் க்ஷொன்ஷ்கா’ என்றால் மேசைமேல் ஏதோ ஒரு புத்தகம் இருக்கிறது. ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’, ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் யாரும் பள்ளியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இனி நீங்கள் கேட்ட ‘யூ’. ‘தி’ என்பது நம் ‘நீ’. ஆனால் ‘பான்’, ‘பானி’ ஆகியவற்றை ‘நீங்கள்’ என்று புரிந்துகொண்டால் வினைமுற்று தவறிவிடும். ‘பான்’ என்பது ஐயா, ‘பானி’ என்பது அம்மா. எதிரே நிற்பவரிடமே ‘ஐயாவுக்கு நேரம் இருக்கிறதா?’, ‘அம்மா எங்கே போகிறார்கள்?’ என்று படர்க்கையில் கேட்பது போன்ற அமைப்பு அது. வினை படர்க்கை ஒருமையில் நிற்கும். இருபாலரும் கலந்த கூட்டத்துக்கும் கணவன் மனைவியருக்கும் ‘பாய்ன்ஸ்த்வோ’. அதற்குப் படர்க்கைப் பன்மை. (நாடு, அரசு என்ற பொருளிலும் இதே சொல் வழங்குவதால், செய்தித்தாள் படிக்கத் தொடங்குபவர்கள் சில நாள் குழம்புவார்கள்.) ‘தி’க்கு மாறுவது இருவரும் ஒப்புக்கொண்டு எடுக்கும் முடிவு, பெரும்பாலும் வயதில் மூத்தவரோ பெண்ணோ முதலில் முன்மொழிய வேண்டும் என்பது வழக்கம். மென்பொருள் நிறுவனங்களுக்குள் முதல் நாளே ‘தி’ வந்துவிடுவது உண்மைதான். அந்தப் பழக்கத்தோடு குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் எழுத்தரை ‘தி’ என்று அழைப்பதுதான் ஆபத்து.

ஆங்கிலத்தில் மரியாதையாகத் தோன்றும் ‘மிஸ்டர்’ கூட்டிய குடும்பப்பெயரும் ஒரு பொறி. ‘பானியெ கொவால்ஸ்கி’ என்று ஒருவரை நேரில் விளித்தால் அதட்டல் போலக் கேட்கும். பட்டத்தோடு ‘பானியெ தொக்டோஷெ’ (டாக்டர் ஐயா) என்றோ, சற்றுப் பழகியவரானால் முதற்பெயரோடு ‘பானியெ மார்கு’ என்றோ அழைப்பார்கள். ‘மாரெக்’ என்ற பெயர் ‘மார்கு’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். விளி வேற்றுமை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘கண்ணன்’ ‘கண்ணா’ ஆவதை அறிந்தவர்களுக்கு இதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் ‘டியர்’ என்பதற்கு அகராதி ‘த்ரோகி’ என்று காட்டும். அது நெருக்கமானவருக்கு எழுதுவது. அறிமுகமில்லாதவருக்கு ‘ஷனோவ்னி பானியெ’, ‘ஷனோவ்னா பானி’ என்று தொடங்குங்கள். பெறுபவரைக் குறிக்கும் ‘பான்’, ‘பானி’ ஆகியவற்றைக் கடிதத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவதும் மரியாதையின் ஒரு பகுதி.

‘ப்ரோஷெ’ என்ற சொல்லுக்கு ‘வேண்டுகிறேன்’ என்பதே அடிப்படைப் பொருள். வினையெச்ச வடிவத்தோடு சேர்ந்தால் ‘அமருங்கள்’, ‘காத்திருங்கள்’ என்ற பணிவான ஏவலாகும். பொருளை நீட்டும்போது ‘இந்தாருங்கள்’, கதவு தட்டப்படும்போது ‘உள்ளே வரலாம்’, நன்றி சொன்னவருக்கு ‘இருக்கட்டும்’, சரியாகக் கேட்காதபோது கேள்வித் தொனியில் ‘என்ன சொன்னீர்கள்?’. கடையில் காபி கேட்பதற்கோ ‘பொப்ரோஷெ காவெ’ என்ற சற்றே வேறான வடிவம் வரும். ஆங்கிலப் பத்தியின் கீழ் இவற்றைச் சிதறவிடாமல் ஒரே பக்கத்தில் காட்சிகளாக வைத்தால் ஒரு தடவை படிப்பதே போதும்.

நன்றிச் சொல்லான ‘ஜெங்குயெ’யைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சேருங்கள். விருந்தில் ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேட்கும்போது வெறுமனே ‘ஜெங்குயெ’ என்றால் ‘போதும், வேண்டாம்’ என்று பொருள். உணவகத்தில் நோட்டை நீட்டிக்கொண்டே அதைச் சொன்னால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பணியாளர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

மறுமொழி – நிரல்நெறி

செயலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அன்றாடப் பேச்சைப் பற்றி வூச்வாசி ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

முதல் தடை எண்கள். ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவங்கள் போதும் என்பதால், நிரலாளர்கள் எண்ணோடு ஒரு ‘எஸ்’ ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். போலிஷில் கோப்பு என்பதற்கு 1 ‘ப்ளிக்’. 2, 3, 4 ஆகியவற்றுக்கு ‘ப்ளிக்கி’. 5 முதல் 21 வரை ‘ப்ளிக்குஃப்’. அதோடு நிற்காமல் 22, 23, 24 ஆகியவை மறுபடி ‘ப்ளிக்கி’க்குத் திரும்பும், 25 முதல் 31 வரை மீண்டும் ‘ப்ளிக்குஃப்’. 12, 13, 14 இரண்டில் முடிந்தாலும் நான்கில் முடிந்தாலும் அந்தத் திரும்பல் அவற்றுக்குக் கிடையாது. இந்த எடுத்துக்காட்டு, திரைச் செய்திகளை மொழிபெயர்க்க உதவும் ‘கெட்டெக்ஸ்ட்’ கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தக் கருவி போலிஷுக்கு மூன்று பன்மை வகைகளைக் கேட்கும். யூனிகோடு அமைப்பின் தரவுத்தொகுப்பு நான்கு வகைகளைத் தரும், ஏனெனில் ஒன்றரை போன்ற பின்னங்களுக்கு வேறொரு வடிவம் வேண்டும். பன்மை விதிகளைக் கையாளும் நிரல் நூலகம் இல்லாமல் வாக்கியங்களை நீங்களே ஒட்ட முயலாதீர்கள். அது முடியாத இடத்தில் ‘கோப்புகளின் எண்ணிக்கை: 5’ என்று பெயரை முன்னே வைத்து எண்ணைப் பின்னே தள்ளிவிட்டால், எந்த எண் வந்தாலும் பெயர் மாறாது.

இரண்டாவது தடை பால். இறந்தகாலத்தில் முன்னிலை வினையும் ஆண்பால், பெண்பால் காட்டும். ‘நீ உள்நுழைந்தாய்’ என்பதை எழுத வேண்டுமானால் பயனர் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய செயலிகள் ஆண்பாலையே எல்லோருக்கும் போட்டுவிட்டன. அல்லது அடைப்புக்குறிக்குள் பெண்பால் விகுதியைத் தொங்கவிட்டன. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. போலிஷிலேயே இதற்கு அழகான வழி இருக்கிறது: ‘ஸாப்பிஸானோ’ என்றால் ‘சேமிக்கப்பட்டது’, செய்தவர் யார் என்பது வடிவத்திலேயே இல்லை. ‘உறுதியாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்வியில் வரும் பெயரடையும் பால் காட்டும் என்பதால், ‘ச்சி நா பெவ்னோ’ என்று தொடங்கி ‘உறுதியாக நீக்க வேண்டுமா?’ என்ற பொருளில் எழுதுவது நிலைபெற்றுவிட்ட தீர்வு.

பொத்தான்களில் ‘ஸாப்பிஷ்’ (சேமி), ‘அனூலுய்’ (ரத்துசெய்) என்று ஒருமை ஏவலே வரும். மரியாதைக் குறைவோ என்று தயங்க வேண்டாம். பயனர் கணினிக்கு இடும் கட்டளை அது. தமிழ் இடைமுகங்களில் ‘சேமி’ என்று எழுதும்போது நாமும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். பொது இடத்துக் கதவுகளில் ‘தள்ளு’, ‘இழு’ என்பதற்கு ஏவலே இல்லாமல் ‘தள்ள’, ‘இழுக்க’ என்பது போன்ற வடிவம் இருக்கும்; இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பெயர்களை வாக்கியத்தின் நடுவில் செருகுவதும் கூடாது. ‘அன்னா’விடமிருந்து வந்த செய்தி என்றால் பெயர் ‘அன்னி’ என்று மாறும். ‘அனுப்பியவர்: அன்னா’ என்று பிரித்து வைத்தால் வேற்றுமை உருபு தேவைப்படாது.

மறுமொழி – செந்தாழை

இருவரும் எழுதியதைப் படித்தேன். வூச்வாசி ஐயாவின் கருத்தில் ஒரு பாதியை மட்டும் ஏற்கிறேன். தமிழின் வழியே போவது வேற்றுமைக்கும் மரியாதைக்கும் கைகொடுக்கும். வினைச்சொற்களுக்கு வந்ததும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுபோலக் கைவிட்டுவிடும்.

‘போ’ என்ற ஒரு வினையைப் பாருங்கள். நடந்து போவது ஒரு வினை, வண்டியில் போவது வேறு வினை. அவை ஒவ்வொன்றும் இப்போது ஒரு முறை போவதற்கும் வழக்கமாகப் போய்வருவதற்கும் இரண்டாகப் பிரியும். இப்போது கால்நடையாகப் போகிறேன் என்றால் ‘இஷ்ச்’, நாள்தோறும் என்றால் ‘ஹோஜிச்’. வண்டியில் இப்போது என்றால் ‘யெஹாச்’, வழக்கமாக என்றால் ‘யெஷ்ஜிச்’. இந்த நான்கோடும் முடிவதில்லை. செயல் நிறைவேறியதா, நடந்துகொண்டிருந்ததா என்பதைக் காட்ட ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் இணையாக இன்னொரு வினை இருக்கிறது. ‘எழுதினேன்’ என்று மட்டும் சொன்னால், எழுதிக்கொண்டிருந்தீர்களா எழுதி முடித்தீர்களா என்று போலிஷ் கேட்கும். நம் ‘எழுதிவிட்டேன்’ இதற்குச் சற்று அருகில் வருகிறது. ஆனால் நாம் விரும்பினால் ‘விடு’வைச் சேர்க்கிறோம், அவர்கள் கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே கையேட்டில் தனி வினைச்சொற்களைப் பட்டியலிடாதீர்கள். ‘நாளை மருத்துவரிடம் போகிறேன்’, ‘நாள்தோறும் டிராமில் வேலைக்குப் போகிறேன்’ என்று முழு வாக்கியங்களாகக் கொடுங்கள்.

வினை காட்டும் பாலைப் பற்றி நிரல்நெறி எழுதியது திரைக்கு மட்டுமன்றி வாய்மொழிக்கும் பொருந்தும், இன்னும் கடுமையாகவே பொருந்தும். ‘கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டேன்’ என்பதை ஆண் சொன்னால் ‘ஸ்குபீவெம்’, பெண் சொன்னால் ‘ஸ்குபீவாம்’. தமிழின் தன்மை வினையில் இந்த வேறுபாடு இல்லாததால் நம்மவர்கள் இதை எளிதில் மறக்கிறார்கள். நான் பார்த்த சுற்றுலாக் கையேடுகள் பல ஆண்பால் வடிவத்தை மட்டும் அச்சிட்டிருந்தன. உங்கள் கையேடு அந்த வழியில் போக வேண்டாம். தன்மையில் இறந்தகாலம் வரும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை எழுதுங்கள், பக்கம் கூடினால் கூடட்டும்.

ஒலி ஒத்துப் பொருள் ஒவ்வாத சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். ‘அக்டுவால்னியே’ என்றால் தற்போது. ஆங்கிலத்தில் ‘உண்மையில்’ என்று பொருள்படும் சொல்லோடு அதற்குப் பொருளில் தொடர்பில்லை. ‘எவென்ட்டுவால்னியே’ என்றால் ‘தேவைப்பட்டால்’ அல்லது ‘மாற்றாக’; ‘இறுதியில்’ என்பதன்று. ‘ரெட்செப்டா’ மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டு; கடையில் பணம் கட்டியதற்குத் தரும் சீட்டுக்குப் பெயர் ‘பராகொன்’. உணவில் பதப்படுத்தும் வேதிப்பொருள் இருக்கிறதா என்று கேட்க நினைத்து, ஆங்கிலச் சொல்லுக்குப் போலிஷ் விகுதி ஒட்டி ‘ப்ரெஸெர்வட்டீவா’ என்று சொன்னால் ஆணுறையைப் பற்றிக் கேட்டதாக ஆகும். வேண்டிய சொல் ‘கொன்செர்வன்ட்’. தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் ‘நோ, நோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மறுக்கவில்லை, ‘ம், ஆமாம்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

‘ஃப்ரெண்டு’ என்பதற்கு ஒரே சொல்லைத் தராதீர்கள். உடன் படிப்பவரும் உடன் வேலை செய்பவரும் ‘கொலேகா’, அறிமுகமானவர் ‘ஸ்னயோமி’; ‘ப்ஷியாச்செல்’ என்ற சொல்லை உயிர்நண்பருக்கே வைத்திருப்பார்கள். அதேபோல ‘ஹௌ ஆர் யூ’ என்பதற்கு ‘ட்ஸோ ஸ்வீஹாச்?’ என்று கேட்கலாம்; ஆனால் கடைக்காரரிடம் கேட்பதில்லை, தெரிந்தவர்களிடம்தான். ‘ரொம்ப நன்றாக இருக்கிறேன்’ என்ற பதிலை எதிர்பார்க்கவும் வேண்டாம். ‘ஸ்டாரா பியெதா’, அதாவது ‘அதே பழைய வறுமைதான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கடன் கேட்கப் போகிறார் என்று பயப்படத் தேவையில்லை.

மரபுத்தொடர்களைப் பொறுத்தவரை, பேசுவதற்காகச் சேர்க்காமல் கேட்டுப் புரிந்துகொள்வதற்காகச் சிலவற்றை மட்டும் சேருங்கள். நல்வாழ்த்துக்கு ஆங்கிலேயர் விரல்களைப் பின்னிக்கொள்வதாகச் சொல்வார்கள். போலந்தில் கட்டைவிரல்களைப் பிடித்துக்கொள்கிறேன் என்பார்கள், அலுவலகத்தில் இதை வாரந்தோறும் கேட்கலாம். ரோமாபுரி ஒரே நாளில் எழவில்லை என்ற ஆங்கிலப் பழமொழியில் ரோமுக்குப் பதிலாகக் கிராக்கோவ் நகரம் நிற்கும். நாம் செவிடன் காதில் சங்கு ஊதும் இடத்தில் அவர்கள் சுவர்மீது பட்டாணியை எறிகிறார்கள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுவதற்கு அவர்கள் மொழியில், மழைக்குத் தப்பிக் கூரைநீர் கொட்டும் தூம்பின்கீழ் நிற்பது. யாருக்கும் ஒன்றும் விளங்காத கூட்டத்தைச் ‘செக் நாட்டுப் படம்’ என்பார்கள். ‘என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை’ என்ற போலிஷ் தொடர் ஆங்கிலத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டதால் அதை உங்கள் வாசகர்கள் முன்பே கேட்டிருக்கலாம்.

ஓடர்க்கரை

மூவருக்கும் நன்றி. ஆங்கில அகரவரிசையைக் கைவிட்டு, காட்சிவாரியாக, யார் யாரிடம் பேசுகிறார் என்ற குறிப்போடு மாற்றி அமைக்கிறேன். ஆண் சொல்வது, பெண் சொல்வது என்ற பிரிவும் சேரும். கடைசியாக ஓர் ஐயம்: இந்த உரையாடலில் நாம் எழுதியிருப்பது போலவே, போலிஷ் எழுத்துகளை விட்டுவிட்டு ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்தால், புதிதாக வருபவர்களுக்கு எளிதாக இருக்கும் அல்லவா?

மறுமொழி – வூச்வாசி

நமக்குள் பேசிக்கொள்ள இது போதும்; கையேட்டுக்குப் போதாது. குடிப்பது என்ற வினையையும் அடிப்பது என்ற வினையையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிச்’ என்றே வரும், ஏனெனில் முதலெழுத்தின் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. தாகமாக இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறவர், யாரையோ அடிக்க விரும்புவதாகச் சொல்லிவிடுவார். ‘ப்ரோஷெ’ என்று இங்கே எல்லோரும் எழுதியிருக்கிறோம். நாக்கைச் சற்று முன்தள்ளி மென்மையாக ஒலித்தால் அதே எழுத்துக்கூட்டில் பன்றிக்குட்டி வந்து நிற்கும். பஞ்சுக்கும் துணியில் போடும் ஒட்டுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் தமிழில் ‘வாட்டா’தான்; போலிஷில் ஒன்று பல் உதட்டைத் தொடும் ஒலி, மற்றொன்று உதடு குவியும் ஒலி.

போலிஷ் நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கும் மொழி என்பதால், அந்த எழுத்துகளையும் இரட்டையெழுத்துகள் சிலவற்றையும் முதல் இரண்டு பக்கங்களில் கற்பித்துவிட்டால் மற்றதைப் படித்துக்கொள்வார்கள். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்ற ஒரு விதியையும் அங்கேயே சொல்லிவிடலாம். தமிழ் எழுத்து வடிவத்தை அடியில் சிறிதாக, துணைக்கு மட்டும் வையுங்கள். முடிந்தால் ஒலிப்பதிவும் இணையுங்கள். உங்கள் பணித்தோழரையே பேசச் சொல்லலாம். பெண்பால் வரிகளுக்கு மட்டும் போலந்துக்காரப் பெண் ஒருவரின் குரல் வேண்டும்.